பொம்மையை ஜெயில்ல போடாதீங்க சாமிகளா!



ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புது ரிலீஸ், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கால், வெள்ளிக்கிழமை ஆனா பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறி மதுரைக்கு வந்து ரெண்டு நாள் தூங்குறது. இதான் பொழப்புன்னு ஆயிடுச்சு. எழுத நேரமும் இல்லை, மேட்டரும் இல்லை. "மேட்டர் இல்லாமலே எழுதுறவன்தானேடா நீ"ன்னு கேக்குறவங்களுக்கு: ஹி ஹி.

ஆனா போன வாரம் ஒரு மேட்டர் தானா வந்து மாட்டுச்சு. அதை எழுதாம விட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. கொஞ்சம் நீளமா இருக்கும், கொஞ்சம் சூடாவும் இருக்கும். ஒரு ஜிகர்தண்டாவை வாங்கி வச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் பொம்மை சேர்க்கிறவன். சூப்பர்ஹீரோ பொம்மை. பேட்மேன், ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் வகையறா. எங்க வட்டாரத்துல இதுக்குப் பேரு ஆக்‌ஷன் ஃபிகர். இந்தப் பேரால வீட்டுல நடந்த கூத்து தனிக்கதை. முதல் சம்பளம் வந்த மாசம் நண்பன்கிட்ட போன்ல, "மாப்ள, ஒரு ஃபிகர் பாத்து வச்சிருக்கேன்டா, அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துரும்"னு சொல்லிக்கிட்டிருந்தேன். அம்மா அடுப்படியிலேர்ந்து கரண்டியோட வந்து நின்னாங்க. அடுத்த வாரம் கூரியர்ல ஆறு அங்குல பேட்மேன் வந்து இறங்கினப்ப அம்மா முகத்துல இருந்தது நிம்மதியா, ஏமாத்தமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆக மொத்தம் நாப்பத்திமூணு பொம்மை இருக்கு. "இருபத்தெட்டு வயசுல பொம்மையா?"ன்னு கேக்குற பெரியப்பாக்களுக்குப் பதில் சொல்றது இந்தப் பதிவோட நோக்கம் இல்லை. நாலு கோபுரத்துலயும் ஆயிரக்கணக்குல சுதைப் பொம்மையை ஏத்தி வச்சுட்டு, பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதுக்கெல்லாம் வர்ணம் பூசி, குடமுழுக்கு நடத்தி, ஊரே திரண்டு பாக்குற ஊர் இது. இந்த ஊர்ல பிறந்தவன் பொம்மை வச்சிருக்கிறதுல என்னய்யா அதிசயம்?

என் சண்டை வெளியாளுங்களோட இல்லை. எங்க ஆளுங்களோடயே.

*

நடந்தது இதுதான்

நண்பர் ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில எங்களை மாதிரி கிறுக்கனுங்க ஒரு பதினஞ்சு பேர் கூடினோம். அவங்கவங்க கிட்ட இருக்கிற பொம்மை, காமிக்ஸ் எல்லாம் கொண்டு வந்து காட்டி, மாத்தி, பேசி, பஜ்ஜி தின்னுட்டுப் போறதுதான் திட்டம். நான் ரெண்டே ரெண்டு சாமான் எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒண்ணு, ஒரு ஸ்பைடர்மேன். இன்னொண்ணு, எங்க மாமாவோட பழைய முத்து காமிக்ஸ்.

கூட்டத்துக்குப் புதுசா ஒருத்தர் வந்திருந்தார். பேர் வேண்டாம். 'பெட்டிக்காரர்'னு வச்சுக்குவோம். ஸ்பைடர்மேனைக் கையில எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டி எங்க ப்ரோ?"

"பெட்டியா? பிரிச்சாச்சு பாஸ்."

"பிரிச்சிட்டீங்களா!"

கல்யாண வீட்டுல எழவுச் செய்தி கேட்ட மாதிரி ஒரு குரல். "கையில என்ன சில்வர் பேப்பர்? உடைஞ்சிருச்சா? போச்சு ப்ரோ. இது இனிமே குப்பை. பெட்டியோட இருந்தா நாலு வருஷத்துல டபுளாயிருக்கும்."

சரி, போகட்டும், பொம்மைதானேன்னு சிரிச்சு வச்சேன். அடுத்து மாமாவோட புத்தகத்தை எடுத்தார். இரும்புக்கை மாயாவி கதை. கண்ணு விரிஞ்சது. அட்டையைத் திறந்தார். முதல் பக்கத்துல நீல மைப் பேனாவுல மாமா பேரு, தெருப் பேரு, கீழே "படித்தவுடன் திருப்பித் தரவும்"னு எழுதியிருக்கும்.

"அடடா, பேர் எழுதிக் கெடுத்து வச்சிருக்காங்களே. இது மட்டும் இல்லைன்னா நல்ல ரேட்டு போயிருக்கும். கெமிக்கல் வச்சு அழிக்க ஆள் இருக்காங்க, நம்பர் தரவா?"

மக்களே, எங்க மாமா 2021-ல கொரோனாவுல போயிட்டார். அந்தக் கையெழுத்துதான் அவர் கையெழுத்துல எங்கிட்ட மிச்சம் இருக்கிற ரெண்டு மூணுல ஒண்ணு. அதைக் கெமிக்கல் வச்சு அழிச்சா ரேட்டு ஏறுமாம்.

அங்க நான் ஒண்ணும் சொல்லல. புத்தகத்தை வாங்கிப் பைக்குள்ள வச்சுட்டு, பஜ்ஜி கூட சாப்பிடாம வந்துட்டேன். சொல்ல வேண்டியதை எல்லாம் இங்க சொல்லிடுறேன்.

*

முதல்ல அவங்க நியாயத்தைக் கேட்போம்

பெட்டிக்காரர் தனி ஆள் இல்லை. அது ஒரு இனம். பொம்மையை வாங்குவாங்க. பெட்டியைப் பிரிக்க மாட்டாங்க. பெட்டிக்கு மேல ஒரு கண்ணாடிப் பெட்டி போடுவாங்க. அதை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுவாங்க. வெளிச்சம் படக்கூடாது, தூசி படக்கூடாது, குழந்தை கை சுத்தமா படவே கூடாது. கேட்டா முதலீடுன்னு சொல்வாங்க.

அவங்க சொல்றதுல ஓரளவு உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன். இங்க இந்தச் சாமான் சல்லிசா கிடைக்கிறது இல்லை. வெளிநாட்டு பொம்மைக்கு இறக்குமதி வரி 2020 வரைக்கும் 20 சதவீதமா இருந்தது. அந்த வருஷ பட்ஜெட்ல 60 ஆச்சு. 2023-ல 70 ஆக்கிட்டாங்க. இது பத்தாதுன்னு 2021 ஜனவரியிலேர்ந்து தரச் சான்று முத்திரை இல்லாத பொம்மையை விக்கவே கூடாதுன்னு சட்டம். குழந்தைங்க பாதுகாப்புக்கும், உள்ளூர்த் தொழிலுக்கும் போட்ட சட்டம், அதைக் குறை சொல்லல. ஆனா விளைவு என்ன? ஆறு அங்குல சாதா பொம்மையே ரெண்டாயிரம், மூவாயிரம். ஒரு அடி உயரத்துல துணி எல்லாம் போட்டு, முகம் அச்சு அசலா நடிகர் மாதிரியே வர்ற ஹாட் டாய்ஸ் வகை இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல. இவ்ளோ காசு கொடுத்து வாங்கினதைப் பத்திரமா வைக்கணும்னு தோணுறது மனுஷ இயல்பு. ஒத்துக்கிறேன்.

ஏன்னா நானும் அந்த இனம்தான். ரெண்டு வருஷம் அந்த ஸ்பைடர்மேனைப் பெட்டியோட, அலமாரி மேல் தட்டுல, அக்கா பையனுக்கு எட்டாத உயரத்துல வச்சிருந்த மகானுபாவன் நான்தான். அதனாலதான் இவ்ளோ கோவம் வருது. பாதி கோவம் என் மேலயே.

*

டபுளாகுமாமே, டபுளு!

வாங்க, முதலீட்டுக் கணக்கையே பாத்துருவோம். நாமெல்லாம் இஞ்சினியருங்க. கணக்குக்குப் பயப்படலாமா? (நாலு அரியர் வச்சிருந்ததை யாரும் இங்க ஞாபகப்படுத்த வேண்டாம்.)

இந்த இனம் எப்பவும் எடுத்து விடுற உதாரணம் சூப்பர்மேன் முதல்முதலா வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' ஒண்ணாம் நம்பர். 1938-ல வந்தப்ப விலை பத்து சென்ட். 2014-ல ஒரு பிரதி 32 லட்சம் டாலருக்குப் போச்சு. 2024 ஏப்ரல்ல இன்னொரு பிரதி 60 லட்சம் டாலர். "பாத்தீங்களா ப்ரோ!"

பாத்தோம் பாஸ். ஏன் அந்த விலைன்னு யோசிச்சீங்களா? அடிச்சது சுமார் ரெண்டு லட்சம் பிரதி. இன்னிக்கு மிச்சம் இருக்கிறது நூறு சொச்சம்னு கணக்கு சொல்றாங்க. மீதி எல்லாம் எங்க போச்சு? பசங்க படிச்சாங்க. சுருட்டி கால்சட்டைப் பையில சொருகினாங்க. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தாங்க. மழையில நனைஞ்சுது. உலகப் போர் சமயத்துல பழைய காகிதம் சேகரிச்சப்ப தூக்கிப் போட்டாங்க. அதாவது, யாருமே முதலீடா நினைக்காததாலதான் அதுக்கு அந்த விலை! ஒரு தலைமுறையே ஆசை தீரப் படிச்சுக் கிழிச்சதாலதான் மிச்சம் இருக்கிற நூறுக்கு மரியாதை.

இப்ப இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. 1992 நவம்பர்ல சூப்பர்மேன் செத்துப் போற கதை வந்தது. 'சூப்பர்மேன்' 75-ஆம் இதழ். கறுப்பு பிளாஸ்டிக் பையில ஒட்டி, உள்ள துக்கத்துக்குக் கட்டிக்கக் கறுப்புப் பட்டை எல்லாம் வச்சு வித்தாங்க. அமெரிக்காவுல கடை வாசல்ல வரிசை. ஆளுக்கு ரெண்டு, அஞ்சு, பத்துன்னு வாங்கினாங்க. பல பேரு பையைப் பிரிக்கவே இல்லை. பசங்க காலேஜ் படிப்புக்கு ஆகும்னு பத்திரமா வச்சாங்க. லட்சக்கணக்குல வித்துத் தீர்ந்தது. இன்னிக்கு அதே கறுப்புப் பை, பிரிக்காம, நம்ம ஊர் நல்ல ஓட்டல்ல ரெண்டு பேர் சாப்பிடுற காசுக்குக் கிடைக்கும். எல்லாரும் பத்திரமா வச்சா எதுக்குய்யா விலை ஏறும்? இதுக்கு எம்பிஏ எல்லாம் வேண்டாம், காய்கறி மார்க்கெட்டுல தக்காளி விக்கிற ஆத்தாவுக்கே தெரியும்.

சூப்பர்மேன் மறு வருஷமே உயிரோட வந்துட்டார். காமிக்ஸ் கடைகள்தான் வரல. முதலீட்டுக்கு வாங்கின கூட்டம் "ஏமாந்துட்டோம்"னு தெரிஞ்ச அன்னிக்கு ஒட்டுமொத்தமா எழுந்து போச்சு. ஆயிரக்கணக்குல கடைங்க மூடினாங்க. 1996 டிசம்பர்ல மார்வெல் கம்பெனியே திவால் மனு போட்டது. கடன், கார்டு வியாபாரம்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா வாசகன் இல்லாத வாங்குபவனை நம்பினதும் அதுல ஒரு பெரிய காரணம்.

அது பழங்கதைன்னா இதோ புதுசு. பெரிய மண்டை, சின்ன உடம்பு, கறுப்புக் கண்ணு வச்ச ஃபன்கோ பொம்மை தெரியும்ல? பெட்டியைப் பிரிக்காம அடுக்கி வைக்கிறதுக்குன்னே ஒரு பெரிய கூட்டம் வாங்கின பொம்மை அது. 2023 மார்ச்ல அந்தக் கம்பெனி என்ன அறிவிச்சது தெரியுமா? மூணு கோடியிலேர்ந்து மூணு கோடியே அறுபது லட்சம் டாலர் வரைக்கும் மதிப்புள்ள சரக்கைத் தூக்கிக் குப்பையில போடப் போறோம்னு. வச்சிருக்கிற குடோன் செலவுக்குக் கட்டுப்படியாகலையாம்.

டபுளாகும், டபுளாகும். குப்பை டபுளாகும்.

*

நம்மூர் கதைக்கு வருவோம்

அமெரிக்காவை விடுங்க. சிவகாசிக்கு வாங்க.

1972-ல சிவகாசியிலேர்ந்து முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். 1962-ல பிரிட்டன்ல 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில ஆரம்பிச்ச 'ஸ்டீல் க்ளா' கதையோட தமிழ். மின்சாரம் பாஞ்சா உடம்பு மறைஞ்சு, இரும்புக் கை மட்டும் அந்தரத்துல மிதக்கும். அப்புறம் 1984-ல லயன் காமிக்ஸ். அதே வருஷம் ராணி காமிக்ஸ், அது 2005 வரைக்கும் வந்தது. பிரிட்டன்ல அந்த ஆளை மறந்தே போயிட்டாங்க. இங்க உசிலம்பட்டியிலயும் மேலூர்லயும் கண்மாய்க் கரையில உக்காந்து பசங்க அவரைப் படிச்சாங்க.

எப்படிப் படிச்சாங்க? ஆளுக்கு ஒரு காப்பி வாங்கியா? எங்க மாமா கதையைச் சொல்றேன். அவர்கிட்ட முந்நூறு புத்தகத்துக்கு மேல இருந்ததாம். தெருவுல அத்தனை பசங்களுக்கும் கொடுப்பாராம். அதுக்குத்தான் அந்த "படித்தவுடன் திருப்பித் தரவும்". பாதிப் பேர் திருப்பித் தரல. எனக்கு வந்து சேர்ந்தது நாப்பது சொச்சம். நான் சின்ன வயசுல, "ஏன் மாமா இப்படித் தொலைச்சீங்க"ன்னு சண்டை போட்டிருக்கேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "தொலைக்கலடா மருமகனே, ஊர் பூரா வச்சிருக்கேன்"னு சொல்வார்.

அவர் சாவுக்குக் கொரோனா விதிப்படி இருபது பேருக்கு மேல கூடக்கூடாது. கெடுபிடி எல்லாம் தளர்ந்த பிறகு, வேலை பாக்குற ஊர்லேர்ந்து வந்த ஒருத்தர் எங்க வீட்டு வாசல்ல நின்னார். தலை நரைச்ச ஆளு. கையில ஒரு பழைய லயன் காமிக்ஸ். "முப்பது வருஷம் முன்னாடி வாங்கினது தம்பி. திருப்பிக் கொடுக்கல"ன்னு சொல்லி அத்தைகிட்ட கொடுத்துட்டு, நின்னபடியே அழுதார்.

பெட்டிக்காரரே, இதுக்கு உங்க ஆப்ல என்ன ரேட்டு காட்டுது?

தமிழ்ல காமிக்ஸ் இன்னிக்கு வரைக்கும் உசுரோட இருக்குன்னா அது இந்த மாதிரி மாமாக்களால. பழைய ஆளுங்க சேர்த்து வச்ச ஆசை குறையாம இருந்ததாலதான் 2022-ல முத்து காமிக்ஸ் அம்பது வருஷத்தைத் தொட முடிஞ்சது. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்துல வாசகர் சந்திப்புக்கு ஆளுங்க பஸ் பிடிச்சு வந்து நிக்கிறதும் அதனாலதான். அழுக்கான, அட்டை கிழிஞ்ச, பேர் எழுதின, நாலு பேர் கை மாறின புத்தகம்தான் வாசகனை உண்டாக்குச்சு. உறை போட்ட புத்தகம் எத்தனை வாசகனை உண்டாக்கியிருக்கு? ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

இப்ப என்ன நடக்குது? பழைய இதழ் ஒண்ணைப் பத்து மடங்கு, நூறு மடங்கு விலை சொல்லி விக்கிறாங்க. வாங்குறவனும் படிக்க வாங்கல, அவனும் உறை போட்டு வச்சு இன்னொருத்தனுக்கு விக்கிறதுக்கு வாங்குறான். மறுபதிப்பு வந்தா சந்தோஷப்படணும்ல? "மறுபதிப்பு போட்டு எங்க இதழ் மதிப்பைக் குறைச்சுட்டாங்க"ன்னு அழுறான். அட கிரகமே, புதுசா நாலு பேர் படிக்கிறது உனக்கு நஷ்டமாடா?

*

கொலு டெஸ்ட்

எங்க வீட்டுல கொலு உண்டு. அம்மாச்சி காலத்துப் பொம்மைங்க. தசாவதாரம், செட்டியார் பொம்மை, மரப்பாச்சி ஜோடி, கிரிக்கெட் டீம் ஒண்ணு (விக்கெட் கீப்பருக்கு ஒரு காது கிடையாது). போன நவராத்திரிக்கு அம்மாவும் அக்காவும் படி கட்டி அடுக்கிக்கிட்டிருந்தாங்க. அக்கா பையன், அஞ்சு வயசு, படியையே பாத்துட்டு நின்னான். அப்புறம் என் அலமாரியைப் பாத்தான்.

"அம்மாச்சி, உங்க பொம்மை எல்லாம் வெளிய இருக்கு. மாமா பொம்மை மட்டும் ஏன் ஜெயில்ல இருக்கு? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

அவ்வ்வ்வ்வ்.

பதில் இல்லை மக்களே. நாலு வருஷம் இஞ்சினியரிங், ஆறு வருஷம் ஐடி, அஞ்சு வயசுப் பயகிட்ட க்ளீன் போல்டு.

இந்தக் கதையைச் சொன்னப்ப எங்க குழுவுல ஒரு புத்திசாலி கேட்டார்: "கொலு பொம்மையும் வருஷத்துல பத்து நாள்தானே வெளிய இருக்கு? மீதி நாள் பரண்ல பெட்டிக்குள்ளதானே கிடக்கு?" நல்ல கேள்வி. உண்மைதான். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வச்சு, மறுநாள் பழைய வேட்டித் துணியில சுத்தி, டிரங்குப் பெட்டியில வச்சுப் பரணுக்கு ஏத்திடுவோம். ஆனா அந்தப் பெட்டி அடுத்த வருஷம் திறக்கிறதுக்காக மூடின பெட்டி. உங்க பெட்டி திறக்கவே கூடாதுன்னு மூடின பெட்டி. முன்னது தூக்கம், பின்னது சமாதி. வித்தியாசம் இருக்குல்ல?

காது உடைஞ்ச விக்கெட் கீப்பரை எங்கம்மா தூக்கிப் போடல. ஓரமா, உடைஞ்ச பக்கம் தெரியாத மாதிரி திருப்பி வைப்பாங்க. நிறம் போனா வர்ணம் பூசுவாங்க. ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்கணும்னு கணக்கு. யாரும் அதுக்கு மதிப்பு போட்டுப் பாத்ததே இல்லை. நாலு தலைமுறையா கை மாறி வருது. உலகத்துலயே பெரிய பொம்மை சேகரிப்பாளருங்க நம்ம வீட்டு ஆத்தாளுங்கதான். நாமதான் அமெரிக்காக்காரன் சொல்லிக் கொடுத்தான்னு பெட்டியைக் கும்பிட்டுக்கிட்டிருக்கோம்.

*

விளாச்சேரியில ஒரு மாயாவி

அந்த நவராத்திரிக்கு ஒரு காரியம் பண்ணேன். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மைன்னு கணக்கு இருக்கே, அதுக்கு மாமா ஞாபகமா இரும்புக்கை மாயாவி வைக்கலாம்னு தோணுச்சு. கடையில தேடினேன், கிடைக்கல. எங்க வீடு பசுமலை. பைக்கை எடுத்தா கொஞ்ச நேரத்துல விளாச்சேரி. கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைன்னு வருஷம் பூரா மண்ணுலயும் காகிதக் கூழ்லயும் உருவம் வார்க்கிற ஊர். அங்க ஒரு பெரியவர்கிட்ட மாமாவோட புத்தகத்தைக் காட்டினேன்.

"இவரு யாரு தம்பி, புது சாமியா?"

"சாமி இல்லண்ணே. துப்பறியிறவர். கரண்டு பிடிச்சா உடம்பு மறைஞ்சுரும். இரும்புக் கை மட்டும் தெரியும்."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப கையை மட்டும் செஞ்சா போதும்ல? உங்களுக்கும் காசு மிச்சம்."

மாமா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.

கடைசியில ஒரு முழு ஆளைச் செஞ்சு கொடுத்தார். கோட்டு சூட்டு, கையில வெள்ளிப் பெயின்ட். முகம் கொஞ்சம் முருகன் சாடையில இருக்கும், அதனால என்ன. அறுநூறு ரூபா. பெட்டியே கிடையாது, நியூஸ் பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். மூணாவது படியில, மரப்பாச்சிக்குப் பக்கத்துல நின்னார் மாயாவி. வந்தவங்க எல்லாம் கேட்டாங்க. சுண்டலோட சேர்த்து மாமா கதையையும் கொடுத்தோம்.

அன்னிக்கு ராத்திரியே அலமாரியிலேர்ந்து ஸ்பைடர்மேனை எடுத்து அக்கா பையன்கிட்ட கொடுத்தேன். "நீயே பிரிடா." அவன் முகத்தை வர்ணிக்க எனக்குத் தமிழ் பத்தாது.

மூணாவது நாள் வலது கை கழண்டுடுச்சு. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுச்சு, பொய் சொல்லல. ரெண்டாயிரத்து எட்டுநூறு ரூபா. ஒட்டலாம்னு பசையை எடுத்துட்டு வர்றதுக்குள்ள பயபுள்ள கையை மறுபடி சொருகி, அடுப்படியிலேர்ந்து சப்பாத்தி சுத்துற சில்வர் பேப்பரைக் கிழிச்சு அது மேல சுத்திட்டான்.

"மாமா, இப்ப இவரும் இரும்புக்கை மாயாவி!"

பெட்டிக்காரர் குப்பைன்னு சொன்ன சில்வர் பேப்பர் அதுதான்.

*

விழாவுக்கு எதுக்குப் போறோம்?

கடைசியா ஒண்ணு. காமிக் கான் 2011-ல டெல்லியில ஆரம்பிச்சது. நம்ம சென்னைக்கு வந்து சேர 2024 பிப்ரவரி ஆச்சு. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல ரெண்டு நாள். மதுரையிலேர்ந்து நாங்க நாலு பேர் ராத்திரி ரயில் ஏறிப் போனோம். அங்க என் மனசுல நின்னது எந்தக் கடையும் இல்லை. அட்டைப் பெட்டியை வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடிச்சு, நெஞ்சுல டார்ச் லைட் கட்டிக்கிட்டு வந்த ஒரு பத்து வயசு அயர்ன்மேன். அவங்கப்பா ஒரு கையில பையும், இன்னொரு கையில கழண்டு விழுந்த அட்டைக் காலும் வச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்து வந்தார். விழான்னா அதுதான்.

ஆனா வேற ஒரு கூட்டத்துல, எங்கன்னு வேண்டாம், கடை திறந்த முதல் பத்து நிமிஷத்துல ஒருத்தரே ஆறு பொம்மையை அள்ளிட்டுப் போனதைப் பாத்தேன். மத்தியானத்துக்குள்ள அதே ஆறும் ரெண்டு மடங்கு விலையில வித்துக்கிட்டிருந்தது. வரிசையில அவருக்குப் பின்னாடி உண்டியல் காசோட ஒரு சின்னப் பொண்ணு நின்னுச்சு. வெறுங்கையோட போச்சு.

"என் காசு, என் பொம்மை, நான் பிரிப்பேன் பிரிக்காம இருப்பேன், உனக்கென்ன?"ன்னு கேட்டா, சரிதான், உங்க வீட்டு பீரோவுக்குள்ள வந்து நான் எட்டிப் பார்க்கல. ஆனா ஒருத்தர் ஆறு அள்ளும்போது அது உங்க பீரோ விஷயம் இல்லை, அந்தப் பொண்ணு விஷயம். பிரிச்சு விளையாடுறவனைப் பாத்து "குப்பை"ன்னு சொல்லும்போது அது உங்க காசு விஷயம் இல்லை, எங்க மாமா விஷயம்.

அதனால மக்களே, என் கோரிக்கை ரொம்ப சின்னது. ஒண்ணே ஒண்ணு பிரிங்க. வீட்டுல இருக்கிறதுல ஒரே ஒரு பொம்மை. அடுத்த தடவை நாம கூடும்போது, அது மொட்டை மாடியோ, தமுக்கத்துல புத்தகத் திருவிழாவோ, சென்னையோ, அதைக் கையில கொண்டு வாங்க. வர்ற குழந்தைங்க தொடட்டும். பழைய காமிக்ஸ் ரெண்டு காப்பி இருந்தா ஒண்ணை யாருக்காவது படிக்கக் கொடுங்க. முதல் பக்கத்துல தைரியமா உங்க பேரை எழுதுங்க. முப்பது வருஷம் கழிச்சு அதைத் திருப்பித் தர ஒருத்தன் உங்க வாசலுக்கு வரணும்னா, இன்னிக்கு நீங்க அதைக் கடன் கொடுத்தாத்தான் உண்டு.

கை உடைஞ்சா என்ன பண்றதுன்னு பயப்படாதீங்க. சில்வர் பேப்பர் இருக்கு :-)

வர்ட்டா!

டிஸ்கி 1: பெட்டிக்காரர் இதைப் படிச்சார்னா, கோவம் வேண்டாம் பாஸ். நானும் ரெண்டு வருஷம் ஜெயிலர் வேலை பாத்தவன்தான். அடுத்த கூட்டத்துக்கு வாங்க, பஜ்ஜி என் செலவு.

டிஸ்கி 2: மாமாகிட்ட காமிக்ஸ் வாங்கினவங்க வேற யாராவது இருந்தா, திருப்பித் தர வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துருங்க. அவர் அதைத்தான் விரும்பியிருப்பார்.